மத்திய அரசின் நிர்வாகத்துறை: கையெழுத்து யாருடையது, முடிவு யாருடையது?

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு 12 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்துவிட்டது. கடைகள், தொழிற்சாலைகள், அலுவலகங்கள், வழிபாட்டு இடங்கள் என அத்தியாவசியம் தவிர மற்றதெல்லாம் 21 நாட்களுக்கு மூடல். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதற்கு முந்தின நாளே கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு கலைந்திருந்தன. அன்று இரவுக்காகப் புதிய சட்டம் எதுவும் நிறைவேறவில்லை.

அப்படியானால் கோடிக்கணக்கான மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஓர் உத்தரவிலிருந்து. அதில் கையெழுத்திட்டவர் உள்துறைச் செயலாளர். அவர் தேர்தலில் நின்று வென்றவர் அல்ல, ஐ.ஏ.எஸ். அதிகாரி. உத்தரவு சுட்டிக்காட்டிய சட்டம் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2004 டிசம்பரில் வந்த சுனாமிக்கு அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. கடலை நினைத்து எழுதிய சட்டம், பதினைந்து ஆண்டு கழித்து ஒரு வைரஸுக்குப் பயன்பட்டது.

பிரதமர் அறிவித்தார். செயலாளர் கையெழுத்திட்டார். பழைய சட்டம் ஒன்று அதிகாரம் தந்தது. மாநிலப் போலீஸ்காரர்கள் தெருமுனையில் நின்று அமல்படுத்தினார்கள். இவையெல்லாம் சேர்ந்ததுதான் நிர்வாகத்துறை. இதைப் புரிந்துகொள்ள அரசின் எந்தச் செயலைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும் என்பது என் எண்ணம். யார் பெயரில் இது நடக்கிறது? உண்மையில் முடிவெடுத்தது யார்? அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இந்தியாவில் இந்த மூன்றுக்கும் மூன்று வேறு பதில்கள் இருக்கின்றன. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

மிச்சமிருப்பதெல்லாம்

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகத்துறை அதை நடைமுறைப்படுத்தும், நீதித்துறை தகராறுகளைத் தீர்க்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். தவறில்லை. ஆனால் நிர்வாகத்துறையின் வேலையை அது ரொம்பச் சுருக்கிவிடுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சாப் அரசு பள்ளிப் பாடநூல்களைத் தானே வெளியிடத் தொடங்கியது. தனியார் பதிப்பாளர்களின் பிழைப்பு போயிற்று. ‘இதற்கென்று ஒரு சட்டம்கூட இல்லையே, சட்டமில்லாமல் அரசு எப்படிப் புத்தக வியாபாரம் செய்யலாம்?’ என்று அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1955-இல் ராம் ஜவாயா கபூர் வழக்கு என்ற பெயரில் தீர்ப்பு வந்தது. அரசின் வேலைகளில் சட்டமியற்றுவதையும் நீதி வழங்குவதையும் கழித்துவிட்டால் மிச்சமிருப்பதெல்லாம் நிர்வாகத்துறையின் வேலை, அதில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சட்டம் தேவையில்லை என்றது நீதிமன்றம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. அதற்கான செலவுக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். தனிமனிதரின் உரிமையில் கை வைப்பதாக இருந்தால் சட்டத்தின் துணை கட்டாயம் வேண்டும்.

இந்த ‘மிச்சம்’ எவ்வளவு பெரியது என்று பாருங்கள். பாஸ்போர்ட் தருவது, நெல் கொள்முதல், ரயில் ஓட்டுவது, செயற்கைக்கோள் ஏவுவது, இலங்கைச் சிறையில் இருக்கும் ராமேஸ்வரம் மீனவர்களுக்காகத் தூதரகம் மூலம் பேசுவது, எல்லையில் படையை நிறுத்துவது எல்லாமே நிர்வாகத்துறைதான். நாடாளுமன்றம் ஆண்டில் சில மாதங்கள்தான் கூடும். நிர்வாகத்துறைக்கு விடுமுறையே கிடையாது.

யார் பெயரில்?

தமிழ்நாடு அரசின் அரசாணை எதையாவது எடுத்து, உத்தரவுப் பகுதி முடியும் இடத்தைப் பாருங்கள். ‘(ஆளுநரின் ஆணைப்படி)’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கும். அதன்கீழ் துறைச் செயலாளரின் பெயர். ஆளுநர் அந்தக் கோப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். டெல்லியிலும் இதே கதைதான், அங்கே குடியரசுத் தலைவரின் பெயர்.

காரணம் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் இருக்கும் என்கிறது பிரிவு 53. மத்திய அரசின் எல்லா நிர்வாக நடவடிக்கையும் அவர் பெயரிலேயே எடுக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 77. முப்படைகளின் தலைமையும் அவரிடமே. இதை மட்டும் படித்தால் அவர்தான் நாட்டின் அதிகார மையம் என்று தோன்றும். அடுத்து பிரிவு 74 வருகிறது. பிரதமர் தலைமையிலான அமைச்சர்கள் குழு குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்லும். அந்த ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும் என்பது முதலில் மரபாகவும் நீதிமன்றத் தீர்ப்புகளாகவும் இருந்தது. 1976-இன் 42-ஆவது திருத்தம் அதைச் சாசனத்திலேயே எழுதிவைத்தது. 1978-இன் 44-ஆவது திருத்தம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டது: ‘இன்னொரு முறை யோசியுங்கள்’ என்று அவர் ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த ஜன்னலைப் பயன்படுத்தியவர் கே.ஆர். நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அத்தோடு விட்டுவிட்டது.

இதற்கு நேர்மாறான ஓர் இரவும் உண்டு. 2005 மே மாதம். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மாஸ்கோவில் இருந்தார். பீகார் சட்டமன்றத்தைக் கலைக்க டெல்லியில் இரவோடு இரவாக அமைச்சரவை கூடி முடிவெடுத்து மாஸ்கோவுக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. கலாம் கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு சாசனத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. முடிவு அமைச்சரவையுடையது, பெயர் கலாமுடையது. தவறு என்று தெரிந்தபோது அவமானத்தில் ஒரு பங்கு அந்தப் பெயர் மேலும் விழுந்தது.

அடுத்த ஆண்டு அவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினார். ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதா அது. நாடாளுமன்றம் அதை மாற்றாமல் மீண்டும் நிறைவேற்றியது. அவரும் ஒப்புதல் தந்தார். சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. அவருக்கு முன்பு குடியரசுத் தலைவராக இருந்த ஜெயில் சிங் செய்ததுதான் இன்னும் விசித்திரம். தனிமனிதர்களின் கடிதங்களைத் திறந்து பார்க்க வழிசெய்யும் அஞ்சல் சட்டத் திருத்த மசோதா 1986-இல் அவரிடம் வந்தது. கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, மேசையிலேயே வைத்துக்கொண்டார். எத்தனை நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சாசனம் சொல்லாததால் அது செல்லுபடியாயிற்று.

ஆக, சாதாரண நாட்களில் குடியரசுத் தலைவரின் சொந்த அதிகாரம் குறைவு. யாருக்கும் பெரும்பான்மை இல்லாத தேர்தல் முடிவு வந்தால் மட்டும் அது திடீரென்று பெரிதாகும். முதலில் யாரை ஆட்சியமைக்க அழைப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். 1996-இல் அப்படி அழைக்கப்பட்ட வாஜ்பாய், பெரும்பான்மை திரட்ட முடியாமல் 13 நாளில் பதவி விலகினார்.

உண்மையில் முடிவெடுப்பது யார்?

பிரதமரும் அமைச்சரவையும். மக்களவையின் பெரும்பான்மை யார் பக்கம் இருக்கிறதோ அவரே பிரதமர். அவர் இரு அவைகளில் எதில் வேண்டுமானாலும் உறுப்பினராக இருக்கலாம். மன்மோகன் சிங் பத்தாண்டுகளும் மாநிலங்களவை உறுப்பினராகவே இருந்தார். எந்த அவையிலும் இல்லாதவர்கூட பதவியேற்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். 1991-இல் பிரதமரான நரசிம்ம ராவ் அப்படித்தான் நந்தியால் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்கு வந்தார்.

மற்ற அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் யாருக்கு எந்தத் துறை என்று தீர்மானிப்பதும் பிரதமரின் கையில். 2003-இன் 91-ஆவது திருத்தம் ஓர் உச்சவரம்பு வைத்தது. மொத்த அமைச்சர்கள் மக்களவை எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 543 இடங்களுக்கு அது 81 பேர், பிரதமரையும் சேர்த்து. புதிய அமைச்சகம் தொடங்க நாடாளுமன்றத்தின் அனுமதிகூட வேண்டாம். 2019-இல் ஜல்சக்தி அமைச்சகமும் 2021-இல் கூட்டுறவு அமைச்சகமும் வேலைப்பங்கீட்டு விதிகளைத் திருத்திய அறிவிக்கைகள் மூலம்தான் பிறந்தன.

அமைச்சர்கள் எல்லோரும் சமம் அல்ல. கேபினட் அமைச்சர்கள், தனிப்பொறுப்புள்ள இணையமைச்சர்கள், இணையமைச்சர்கள் என்று படிகள் உண்டு. பெரிய முடிவுகள் எடுக்கும் கேபினட் கூட்டத்தில் முதல் படியினர்தான் உட்காருவார்கள். பாதுகாப்பு போன்ற விஷயங்களுக்கு அதைவிடச் சின்ன, நாலைந்து பேர் கொண்ட குழு.

இந்தக் கேபினட் கூட்டம் வெறும் சடங்கா? 1975 ஜூன் 25 இரவு அதற்குப் பதில் சொல்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியைச் செல்லாது என்று அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்று இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவுக்குப் போனது. கூடவே பிரதமரின் கடிதம். அமைச்சரவையைக் கூட்ட இப்போது நேரமில்லை, அலுவல் நடத்தை விதிகளில் 12-ஆவது விதி பிரதமருக்குத் தரும் விலக்கைப் பயன்படுத்துகிறேன் என்று அதில் இருந்தது. நள்ளிரவுக்குள் கையெழுத்தாகிவிட்டது. டெல்லியில் செய்தித்தாள் அலுவலகங்கள் இருந்த தெருவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் காலை 6 மணிக்குக் கேபினட் கூடியபோது நாடு ஏற்கெனவே நெருக்கடி நிலையில் இருந்தது. தலைவர்கள் பலர் கைதாகியிருந்தார்கள். அமைச்சர்களுக்கு மிச்சமிருந்தது நடந்து முடிந்ததற்குத் தலையாட்டுவது மட்டும்தான்.

பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டும் என்ற விதியைத் தாண்டிப் போனதன் விலை, 21 மாத நெருக்கடி நிலை. அதனால்தான் 44-ஆவது திருத்தம் பிரிவு 352-இல் ஒரு பூட்டைப் போட்டது. கேபினட்டின் முடிவு எழுத்துமூலம் வந்தால் ஒழிய குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும். 12-ஆவது விதி மட்டும் இன்றும் இருக்கிறது. 2019 நவம்பர் 23 விடியற்காலையில் மகாராஷ்டிராவில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விலக்கிக்கொள்ளவும் அதையே பயன்படுத்தினார்கள், கேபினட் கூடாமலே.

கோப்பு நகரும் வழி

அமைச்சர் ஒரு துறையின் அரசியல் தலைவர். நிர்வாகத் தலைவர் அந்தத் துறையின் செயலாளர். ஒரு முடிவு எப்படிப் பிறக்கிறது? பிரிவு அலுவலகத்தில் ஒருவர் கோப்பில் முதல் குறிப்பை எழுதுவார்: பிரச்சினை இது, சட்டம் இப்படிச் சொல்கிறது, முன்பு இப்படிச் செய்திருக்கிறோம். அது சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், இணைச் செயலாளர், செயலாளர் என்று படியேறி அமைச்சரிடம் போகும். பணம் சம்பந்தப்பட்டால் நிதி அமைச்சகத்தையும் சட்டச் சிக்கல் இருந்தால் சட்ட அமைச்சகத்தையும் கேட்டாக வேண்டும். ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுதிக் கையெழுத்திடுவார்கள். இப்போது பெரும்பாலும் கணினியில் நடந்தாலும் முறை அதேதான். இதை ‘சிவப்பு நாடா’ என்று திட்டுகிறோம். தாமதம் உண்மைதான். ஆனால் யார் என்ன சொன்னார், எந்த இடத்தில் யார் மறுத்தார் என்பதற்கு அந்தக் கோப்புதான் ஒரே சாட்சி.

அதிகாரிகள் தவறு செய்தால் அமைச்சர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள அரியலூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1956 நவம்பர் 23 அதிகாலை. கடும் மழை. மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. தண்டவாளத்தைப் பார்ப்பது அவர் வேலை அல்ல, பாலத்தைக் கட்டியவரும் அவர் அல்ல. இருந்தும் பதவி விலகினார். சில மாதம் முன்பு இன்றைய தெலங்கானாவில் மெகபூப்நகர் அருகே நடந்த விபத்தின்போதே விலக முன்வந்து, நேரு தடுத்திருந்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரிமேல் குற்றம் இருப்பதாக நினைத்து அல்ல, அமைச்சரின் பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு இது முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று.

அடுத்தது 1958. எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்ட விவகாரம். முடிவை எடுத்தது என் செயலாளர் என்றார் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. விசாரித்த நீதிபதி சாக்ளா அதை ஏற்கவில்லை. செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றார். டி.டி.கே. பதவி விலகினார். இந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும் எத்தனையோ விபத்துகளும் ஊழல்களும் நடந்திருக்கின்றன. அப்படி விலகியவர்கள் அபூர்வம். பொறுப்பேற்று விலக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. மரபு மட்டுமே அதைத் தாங்கி நிற்கிறது. மரபைக் கைவிட்டால் கேட்க ஆள் இல்லை. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது.

சட்டம் இயற்றாமலே சட்டம்

நிர்வாகத்துறையின் அதிகாரங்களில் மக்கள் வாழ்க்கையை அதிகம் தொடுவது விதிகள் வகுக்கும் அதிகாரம். நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் எழுதிவிட்டு, ‘மீதியை மத்திய அரசு விதிகள் மூலம் வகுக்கலாம்’ என்று விட்டுவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. நம்பர் பிளேட்டில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுபோன்ற நூற்றுக்கணக்கான விவரங்கள் 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில்தான் இருக்கின்றன. அரசிதழில் வெளியானதும் அவையும் சட்டம்தான்.

2016 நவம்பர் 8-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற முடிவும் ஓர் அறிவிக்கையாகத்தான் வந்தது. 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 26-ஆவது பிரிவின் 2-ஆவது உட்பிரிவு அதற்கு அடிப்படை. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் போயிற்று. நாடாளுமன்றம் அதற்கு முன் வாக்களிக்கவில்லை. 2023 ஜனவரி 2 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அது செல்லும் என்றார்கள். நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். இவ்வளவு பெரிய காரியத்தை அறிவிக்கை மூலம் செய்திருக்கக் கூடாது, நாடாளுமன்றத்தின் வழியாகச் செய்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. வங்கி வாசலில் வரிசையில் நின்ற யாருக்கும் அந்த வாதத்தின் எடை புரியும்.

அவசரச் சட்டம் இன்னொரு கருவி. இரு அவைகளில் ஒன்றாவது கூட்டத்தில் இல்லாத நேரத்தில், உடனடித் தேவை இருந்தால், அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் பிரிவு 123-இன் கீழ் பிறப்பிக்கலாம். நாடாளுமன்றம் மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் சட்டமாக்காவிட்டால் காலாவதி. 14 பெரிய வங்கிகள் 1969 ஜூலை 19 அன்று இப்படித்தான் அரசுடைமையாயின. நாடாளுமன்றம் கூட இரண்டே நாள் இருந்தது. அவ்வளவு அவசரமா என்று அப்போதே கேள்வி எழுந்தது. பிறகு வந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1970 பிப்ரவரியில் ரத்து செய்ய, சில நாட்களிலேயே அரசு இன்னொரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

வெளிநாட்டு ஒப்பந்தங்களும் நிர்வாகத்துறையின் கையில். அமெரிக்காவில் ஓர் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. நாட்டின் நிலப்பகுதியை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் மட்டும் சாசனத் திருத்தம் வேண்டும் என்று மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதி பற்றிய விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கச்சத்தீவு சர்ச்சையின் சட்ட மையம் இதுதான். 1974-இல் இந்தியாவும் இலங்கையும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டபோது, இது நிலத்தைக் கொடுப்பது அல்ல, தகராறில் இருந்த எல்லையைத் தீர்மானிப்பது என்ற நிலைப்பாட்டை மத்திய அரசு எடுத்தது. அதனால் சாசனத் திருத்தம் கொண்டுவரவில்லை. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. ராமநாதபுரத்து மீனவர்கள் அதன் விளைவோடு இன்றும் வாழ்கிறார்கள்.

அப்புறம் பிரிவு 356. ஒரு மாநிலத்தில் சாசனப்படி ஆட்சி நடக்க முடியவில்லை என்று குடியரசுத் தலைவர், அதாவது மத்திய அமைச்சரவை, கருதினால் மாநில அரசை நீக்கலாம். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு இப்படிப் போயிற்று. 1991 ஜனவரியில் மறுபடி. அந்த இரண்டாவது முறை ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆனாலும் ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநரின் அறிக்கை மூலமோ ‘வேறு வகையிலோ’ தெரியவந்தால் போதும் என்று சாசனம் சொல்கிறது. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் இந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம், அவசியப்பட்டால் பழைய அரசை மீண்டும் கொண்டுவரலாம் என்றார்கள். அதன் பிறகு கலைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

யாருக்குப் பதில்?

மக்களவைக்கு. அமைச்சர்கள் குழு மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது பிரிவு 75. மக்களவை நம்பிக்கை இழந்தால் அரசு முழுவதுமாக விலக வேண்டும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269 வாக்குகள், எதிராக 270. அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதைத் தொடர்ந்து நடந்த வாக்கெடுப்பு அது. ஒரே வாக்கில் அரசு போயிற்று.

இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு இது வேறு மாதிரித் தோன்றும். அங்கே 1978 அரசியலமைப்பின்படி ஜனாதிபதியே நாட்டின் தலைவர், நிறைவேற்றுத்துறையின் தலைவர், அமைச்சரவையின் தலைவர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர் என்பதால் சாதாரணப் பெரும்பான்மையால் நாடாளுமன்றம் அவரை அகற்ற முடியாது. அந்த அதிகாரத்தைக் குறைப்பதும் கூட்டுவதுமாகவே 19, 20, 21-ஆவது திருத்தங்கள் வந்தன. அமெரிக்க ஜனாதிபதியும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் தயவில் நேரே இல்லை. அவர் அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே முடியாது.

இந்திய முறையின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. அரசைத் தட்டிக்கேட்க வேண்டிய அவையில் பெரும்பான்மை அரசின் கட்சிக்கே. கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவியே போகலாம். ஒற்றைக் கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை இருக்கும்போது நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்தோடு முடிந்துவிடும். அதனால்தான் சின்ன ஆயுதங்களுக்கு மதிப்பு அதிகம். மக்களவையில் காலை 11 மணிக் கேள்வி நேரம் அப்படி ஒன்று. அமைச்சர் நேரில் நின்று, துணைக்கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். முந்த்ரா விவகாரமே மக்களவையில் எழுந்த கேள்விகளால்தான் வெடித்தது. பட்ஜெட்டில் ஓர் அமைச்சகத்துக்குக் கேட்ட தொகையை ‘ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும்’ என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். அந்த அமைச்சகத்தின் கொள்கையையே ஏற்கவில்லை என்று சொல்லும் வழி அது. செலவான பணத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பிற்பாடு தோண்டிப் பார்ப்பார்.

குடிமக்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் எந்த உத்தரவையாவது எதிர்கொண்டால், முதலில் எண்ணையும் தேதியையும் பாருங்கள். அடுத்து எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் என்று தேடுங்கள். தொடக்கத்திலேயே இருக்கும். இல்லையென்றால் அதுவே கேட்கத் தகுந்த கேள்வி. பிறகு, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, அந்த முடிவு எடுக்கப்பட்ட கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேபினட் கோப்புகளைக்கூட முடிவெடுத்து விவகாரம் முடிந்த பிறகு வெளியிடலாம் என்கிறது அந்தச் சட்டம், அது பட்டியலிட்டிருக்கும் விலக்குகளுக்கு உட்பட்டு. மறுத்தால் மேல்முறையீடு செய்ய முதலில் அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரியிடம், அடுத்து டெல்லியில் மத்திய தகவல் ஆணையத்திடம் போகலாம்.